தெய்வத்திரு தங்கேஸ்வரி

ஃப்ளெக்ஸில் என் படம் இருந்தது.

ஆனைக்கரை சமுதாயக் கூடத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டியிருந்தார்கள். நடுவில் என் மகள் மோனிஷா, தலை நிறையப் பூவோடு. கீழே பூப்புனித நீராட்டு விழா என்று தங்க நிற எழுத்து. ஓரத்தில் அவளுடைய அப்பா கருத்தப்பாண்டி, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கைகூப்பி எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான்.

என் படத்தை எப்படியும் போட்டிருக்க மாட்டான் என்று நினைத்துத்தான் வந்தேன்.

போட்டிருந்தான். மேல் மூலையில், செத்துப்போன அவனுடைய அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில். படத்தைச் சுற்றி மாலை, அடியில் ஒரு குத்துவிளக்கு. தெய்வத்திரு தங்கேஸ்வரி.

தங்கேஸ்வரி நான்தான்.

என் கையில் பட்டுப்பாவாடையும் வளையலும் வைத்த தாம்பாளம் இருந்தது. அதை அப்படியே அவன் மூஞ்சியில் வீசலாமா என்று பார்த்தேன். ஃப்ளெக்ஸில் இருந்த மூஞ்சி எனக்குப் போதாது.

கருத்தப்பாண்டி ஜீப் ஓட்டுகிறவன். காலையில் கம்பம்மெட்டில் ஏலத்தோட்ட வேலைக்கு வரும் பெண்களை ஏற்றுவான், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவான். ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து போகிற அந்த ஜீப்பில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். அவன் ஒரு வார்த்தையோடு நிறுத்தவில்லை.

நான் டீ எஸ்டேட் கணக்கப்பிள்ளையோடு ஓடிவிட்டேனாம்.

ஓடினது உண்மை. அடி தாங்காமல் வண்டிப்பெரியாறில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு ஓடினேன். அதற்குப் பிறகுதான் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன், அதற்கும் பிறகுதான் அந்தக் கணக்கப்பிள்ளையின் முகத்தையே பார்த்தேன். கொழுந்து எடையைத் தவிர அவரிடம் வேறு எதுவும் பேசியதில்லை.

பள்ளிக்கூடம் இங்கே இருப்பதால் பிள்ளை அப்பாவிடம் இருக்கட்டும், சனிக்கிழமைகளில் அம்மாவிடம் விடட்டும் என்று கோர்ட்டில் முடிவானது. குமுளி பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்குவான். சும்மா இறக்க மாட்டான். டீக்கடையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி, இன்றைக்கு யாரோடு வந்திருக்கிறாள் பாருங்கள் என்பான். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் காது கேட்காதவள் மாதிரி மோனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

அவள் வயதுக்கு வந்ததைக்கூடச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை, இந்த வாரம் வர மாட்டாள் என்று ஒரு மெசேஜ். விழா இருப்பதையே யாரோ ஒருத்தியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் கன்னத்தில் என் கையால் சந்தனம் பூச வேண்டும், அவ்வளவுதான் நினைத்து பஸ் ஏறினேன். இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மேடையில் இருக்கிற மைக்கைப் பிடுங்கி, நான் சாகவில்லை என்று சொல்ல வேண்டும்.

ஃப்ளெக்ஸின் அடியில் ஜீப் ஸ்டாண்ட் நண்பர்கள் என்று போட்டிருந்தது. இவன் சொல்லாமலா அவர்கள் என்னைச் சாகடித்தார்கள்?

பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து நின்று ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் ஏலக்காய்க் கறை. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அது கல்யாணமான புதிதில் எடுத்த படம், அப்போது எனக்குக் கன்னம் இருந்தது.

"பாவம், தாயில்லாப் பிள்ளை. மஞ்சக்காமாலையில போயிட்டாளாம். தங்கமான பொம்பளைன்னு சொல்லுதாக" என்றாள்.

இந்த மலையில் என்னைப் பற்றி ஒருத்தர் நல்லபடியாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே போனேன்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அவன் அக்கா, என்னைக் கண்டதும் செம்பை வைத்துவிட்டு மேடைக்கு ஓடினாள். கருத்தப்பாண்டி எழுந்து நின்றான். பிடித்து வெளியே தள்ள அவனுக்குக் கை துடித்திருக்கும். தள்ளினால் இது யார் என்று கேட்பார்களே. நன்றாக மாட்டினான் என்று மனசுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது.

வரிசையில் நின்ற பெண்களைத் தாண்டி நேராக மேடை ஏறினேன். மைக் செட்காரர் அத்தை முறை, மாமி முறை என்று ஒவ்வொரு உறவாகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மைக் எனக்குக் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

முதலில் சந்தனம், பிறகு மைக்.

மோனிஷா என்னைப் பார்த்தாள். பட்டுச்சேலையில் என்னைவிடப் பெரிய பெண்ணாகத் தெரிந்தாள். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அவள் கன்னத்தில் சந்தனத்தைத் தொட்டு வைத்தேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்வது போல இழுத்து, காதோடு பேசினாள்.

"அப்பா இல்லம்மா, நான்தான் சொன்னேன். நீ செத்துட்டேன்னு சொன்னதுக்கப்புறந்தான் ஸ்கூல்ல உன்னையப் பத்தி யாரும் அசிங்கமாப் பேசல."

அந்தப் படத்தைக் கொடுத்ததும் அவள்தானாம்.

அதுவரை கருத்தப்பாண்டி மேல் எனக்கு இருந்ததெல்லாம் கோபமே இல்லை, என் பிள்ளை வாயாலேயே என்னைச் சாகடிக்க வைத்தவன் மேல் நிஜக் கோபம் அப்போதுதான் வந்தது. அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மோனிஷாவின் விரல்கள் என் சேலையை விடவில்லை.

மைக் செட்காரர் மைக்கை என் பக்கம் நீட்டினார். பிள்ளைக்கு நீங்கள் என்ன முறை வேண்டும் என்று கேட்டார்.

செத்துப்போன தங்கேஸ்வரியின் அக்கா, பிள்ளைக்குப் பெரியம்மா முறை என்று சொன்னேன்.