பார்க்காத ஆட்டம்

முப்பத்தைந்தாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றியிருந்தது அந்த ஹார்டு டிஸ்க்.

டி.வி. நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் பெட்டிக்குள் இருப்பது. ரிமோட்டில் அணைத்தாலும் உள்ளே அது ஓய்வதில்லை. நான்கு வருடம் ஓடிக் களைத்து, இப்போது ‘டிக்’, ‘டிக்’ என்கிறது.

வேறு பெட்டியில் மாட்டினால் பதிவு திறக்காது. இதிலேயே ஓடவிட்டு, ஓட ஓட இன்னொரு கருவியில் பிடிக்க வேண்டும். வாய்ப்பு ஒன்றுதான். நின்றுவிட்டால் மறுபடி சுற்றுமா என்று என்னால் சொல்ல முடியாது.

அதில் காப்பாற்ற வேண்டியது ஒரு கால்பந்து இறுதி ஆட்டம்.

பெட்டிக்குச் சொந்தக்காரர் என் கடையில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காதுகளில் பஞ்சு. அதற்கு மேல் உள்ளங்கைகள்.

“பையன் கப்பலுக்குப் போன மறுநாள் நடந்த ஆட்டம். வந்ததும் சேர்ந்துதான் பார்க்கணும்னு அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு,” என்றார் அவர் மனைவி. “எட்டு மாசமா யார் ஜெயிச்சாங்கன்னே தெரியாம உட்கார்ந்திருக்கு இந்த மனுஷன். பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்தை நான் உருவிட்டுத்தான் கையில குடுக்கணும்.”

“எப்போம்மா வர்றாரு?”

“நாளைக்கு.”

எண்பத்தோராவது நிமிடம் வரை தாக்குப்பிடித்தது.

பிறகு அந்த ‘டிக்’ நெருங்கி நெருங்கி வந்தது. திரை கட்டம் கட்டமாக உடைந்தது. பந்து இருந்த இடத்தில் பச்சைச் சதுரங்கள். வர்ணனையாளரின் குரல் மட்டும் பிசிறில்லாமல் வந்துகொண்டிருந்தது. படத்தின் அளவுக்கு ஒலி இடத்தை அடைப்பதில்லை. அதனால் சில சமயம் தப்பித்துவிடும்.

என் விரல் பொத்தானுக்குப் போனது. நிறுத்தி, ஆறவிட்டு ஓட்டினால் படம் திரும்பக் கிடைக்கலாம். எல்லாமே போய்விடவும் செய்யலாம்.

“நிறுத்தட்டுமாம்மா? படம் சுத்தமா போயிடுச்சு. சத்தம் மட்டும்தான் ஏறுது.”

“நிறுத்தாத.”

“வெறும் சத்தத்தை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவீங்க?”

அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அரங்கம் இரைந்தது. யாரோ கோல் போட்டிருக்க வேண்டும். அவர் திரும்பிக் கணவரின் முதுகைப் பார்த்தார். காதை மூடிய கைகள் இறங்கவில்லை.

“கப்பல்ல பாய்லர் வெடிச்சதுல பையனுக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சு,” என்றார், குரலைத் தாழ்த்தாமல். “இவர்கிட்ட நான் இன்னும் சொல்லல.”