மூன்றாம் முறை உடைத்தவர்

எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய பம்பலோனி சுடச்சுட நிறைந்த பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர் போலச் சிரித்தார் ஷெத்லி.

ரஃபீக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் இயந்திரம் எல்லோருக்கும் அனுப்பிய கடிதத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டாள்.

உடைத்தவர்: ஷெத்லி. இந்த மாதத்தில் மூன்றாவது முறை.

“என்னம்மா முழிக்கிறே? உடைச்சவன் எல்லாருக்கும் பம்பலோனி வாங்கித் தரணும். நம்ம சட்டம்தானே? பேரம் பேசாம வேற வாங்கியிருக்கேன், அதுக்காவது சந்தோஷப்படேன்.”

எந்த மருந்தோடு எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று மருந்துக்கடைகளுக்குச் சொல்லும் மென்பொருளைத்தான் அவர் உடைத்திருந்தார். இலவசம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பதினாறு வருடங்களுக்கு முன், துனிஸில் இதே காபிக் கடையில் உட்கார்ந்து அதன் முதல் வரியை எழுதியவர் ஷெத்லி.

பகலில் ஆளாளுக்குத் திருத்தியதை இரவில் ஒன்றாகச் சேர்த்து, சோதித்து, விடிவதற்குள் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். யாருடைய திருத்தம் சோதனையில் தவறுகிறதோ அவர்தான் உடைத்தவர். முன்பெல்லாம் ஆட்கள் முறை வைத்துச் செய்தார்கள். போன வசந்தத்தில் அதை இயந்திரத்திடம் ஒப்படைத்தவள் ரஃபீக்கா.

ஆட்கள் செய்தபோது தாட்சண்யம் இருந்தது. ஷெத்லி அண்ணன் எழுதியதா, சரி, சத்தமில்லாமல் நாமே திருத்திவிடுவோம் என்று விட்டுவிடுவார்கள்.

இந்த ஊரில் கத்தரிக்காயிலிருந்து கல்லறைக் குழி வரை எதற்கும் பேரம் பேசலாம். இயந்திரத்திடம் முடியாது.

ஒரு மாதத்தில் மூன்று முறை உடைத்தால் கதவடைப்பு. அந்த ஆள் எழுதும் எதுவும் அதன்பின் உள்ளே போகாது. ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் விடாமல் கடிதம் போட்டுச் சேர்க்கவைத்த விதி.

அடைத்த கதவைத் திறக்க இரண்டு சாவிகள் சேர வேண்டும். ஒன்று ரஃபீக்காவுடையது. மற்றது ஷெத்லியுடையது.

கதவு அடைக்கப்பட்டவரின் சாவி செல்லாது. ஷெத்லிக்கே அடைக்க வேண்டிவரும் என்று குழுவின் இருபத்தொரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையோடு ஆஸ்பிரினைத் தாராளமாகச் சேர்க்கலாம் என்று நேற்று மாற்றி வைத்திருந்தார். கூடாது என்ற எச்சரிக்கையை ஆதியில் எழுதியவரும் அவர்தான்.

விடிந்ததிலிருந்து ரஃபீக்கா ஏழு வழிகளில் முட்டிப் பார்த்துவிட்டாள். அவள் கட்டிய சுவர். நன்றாகத்தான் கட்டியிருந்தாள்.

“அண்ணே, என்னால திறக்க முடியல. அந்த ஸ்ஃபாக்ஸ்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...”

“கிடைச்சுட்டான்.” ஷெத்லி ஒரு துண்டைப் பிட்டு அவள் பக்கம் தள்ளினார். “நான்தான். மறதி நோய்னு டாக்டர் சொன்ன வாரமே எழுதிப் போட்டேன். நான் தப்பு பண்ணினா நீங்க யாரும் வாயத் திறந்து எங்கிட்ட சொல்ல மாட்டீங்களே, தங்கச்சி.”

அவள் பம்பலோனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நேத்து ராத்திரி வேலை என்னாச்சு? கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துச்சா?”

அவருடைய வரிகளை நீக்கிவிட்டு இயந்திரம் மறுபடி சோதித்திருந்தது. ஒரு பிழையும் இல்லை. நாலரை மணிக்கே எல்லாக் கடைகளுக்கும் போயிருந்தது.

“போயிடுச்சு, அண்ணே.”

“அப்பாடா” என்றார் ஷெத்லி.