நாவற்பழ வைன்

"பட்டணத்துக் கடையில சிவப்பு வைன் விலை கட்டாதெண்டு நாவற்பழத்தில செய்யிறாய், சரி. ஏன் புள்ள இவ்வளவு சீனி?" என்று கேட்டார் செபஸ்தியாம்பிள்ளை.

"யேசு பிறந்த நத்தாருக்கு வைன் நல்லா இருக்க வேணும்" என்ற மனைவி றோசம்மா, சாடியை ஊறவிட முற்றத்தில் தானே புதைத்தாள்.

மறுவாரம் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தது. முற்றத்தில் புதுமண்ணைக் கண்ட ஒருவன் துவக்கை நீட்டினான்.

"என்ன தாட்டது? ஆயுதமா?"

"வைன் ஐயா, நத்தாருக்கு..." என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

தோண்டினார்கள். சாடி வந்தது. அதிகாரி ஒரு வாய் குடித்துப் பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான். சிரித்தபடி சாடியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"போனாப் போகட்டும். உயிர் தப்பினதே காணும். நீ ஏன் இன்னும் குழியையே பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

றோசம்மா படலையைச் சாத்திவிட்டு வந்து, அதே குழியைக் கையால் இன்னும் ஆழமாகத் தோண்டினாள். பொலித்தீன் பைக்குள் ஒரு படம். இயக்கத்துக்குப் போன மகன் றோய், சீருடையோடு நின்றான்.

"ஐயோ! இதை எரிச்சுப்போட்டன் எண்டு சொன்னியே!"

"எரிக்க மனம் வரல்ல. வைன் நல்லா இருந்தபடியாத்தான் அதுக்குக் கீழ தோண்டாமப் போனாங்க."

படத்தைத் திரும்பவும் குழிக்குள் வைத்தாள்.

"இன்னும் வருவாங்க. சீனி வாங்கிட்டு வாங்க."