பாதிப் பாலத்தில்

வண்டி நின்றுவிட்டது.

நிற்கக் கூடாத இடம். ஜங்ஷன் மேம்பாலத்து ஏற்றத்தில், சரியாகப் பாதியில். முன்னால் ஒரு டவுன் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் ஊரே நின்றது.

அவள் ஸ்டார்ட்டரை அழுத்தினாள். உயிர் வந்தது. கிளட்சை விட்டாள். ஒரு குதி. அணைந்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி ஒரு குதி.

பின் சீட்டில் அம்மா.

ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் கைப்பையை இடுக்கிக்கொண்டு, தலையில் தம்பியின் ஹெல்மெட். கொண்டையோடு அது நுழையவில்லை என்று காலையில் அவிழ்த்துப் பின்னல் போட்டிருந்தாள். அதற்கே நெடுநேரம் வைதாள். முதலில் ஹெல்மெட்டை, பிறகு தம்பியை, கடைசியில் அரசாங்கத்தை.

இன்றைக்கு அம்மாதான் பரீட்சை அதிகாரி.

மகளுக்கு வேலை சென்னைக் கம்பெனியில். எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். "அப்பம் இங்க வந்துருட்டி" என்று வியட்நாமிலிருந்து ரமீஜா கூப்பிட்டாள். கூடப் படித்தவள். கடலோர ஊர், வாடகை குறைவு, ஒரு வருஷம் இருந்து பார் என்றாள். ஒரே ஒரு விஷயம், இங்கே பஸ்ஸை நம்பினால் போச்சு, எல்லாரும் மோட்டார் சைக்கிள்தான், கற்றுக்கொண்டு வா என்றாள்.

அம்மா இருக்கிற ஆயுதத்தையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். தனியாகவா? சோற்றுக்கு என்ன செய்வாய்? கல்யாணம்? ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் வைத்திருந்தாள். கடைசியில் அம்மாவிடம் மிஞ்சியது இது ஒன்றுதான்.

"என்னையப் பின்னால வச்சு டவுன் வரைக்கும் ஓட்டு, பாப்போம். நான் பாதியில கீழ இறங்கிட்டேம்னா அந்தப் பேச்சை அன்னியோட விட்ரணும்."

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத பெண். அம்மாவுக்கு அந்தத் தைரியம்.

அவளும் விடவில்லை. தம்பியின் பைக்கை எடுத்துக்கொண்டு போய் மைதானத்தில் தினமும் விழுந்தாள். முழங்கைத் தோல் போயிற்று. பைக்கின் கண்ணாடி போயிற்று. தம்பி அழாத குறை. கடைசியில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டாள். எட்டு அருமையாகப் போடுவாள். நேர் ரோடுதான் வராது.

இன்றைக்கு அதுவும் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து ராணி மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தாள். வளைவில் அவள் இடப்பக்கம் சாய்ந்தால் அம்மா பயந்துபோய் வலப்பக்கம் சாய்ந்தாள். நடுவில் வண்டி பாவம். அதையும் சமாளித்தாள். ஆற்றுப் பாலம் தாண்டியபோது அம்மா பெருமூச்சு விட்டது ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே மகள் நினைத்துவிட்டாள்.

அப்போதுதான் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தாள். கியரைக் குறைக்க மறந்துபோனாள். மூன்றாவது கியரில், அதுவும் ஏற்றத்தில், எந்த வண்டி கிளம்பும்? பதற்றத்தில் அது அவள் மண்டைக்கு எட்டவே இல்லை.

வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது.

ஐயோ.

பின்னாலிருந்து ஹாரன். இன்னொரு ஹாரன். பிறகு எல்லா ஹாரனும்.

பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "எம்மா, நீங்க இறங்கிக்கிடுங்க. பாரம் கொறஞ்சா அது கிளம்பிரும்."

நல்ல மனுஷர். நியாயமான யோசனை.

அம்மா காலைத் தொங்கப்போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு காலைத் தரையில் வைத்தால் போதும். வியட்நாம் முடிந்தது.

சீட் அசைந்தது.

போச்சு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா இறங்கவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். பின்பக்கம் திரும்பினாள்.

"நான் ஏன் இறங்கணும்? என்னத்துக்கு இப்பிடி ஆரன் அடிக்கிய? பிள்ளை வெளிநாட்டுக்குப் போவுது. இப்பதான் ஓட்டிப் படிக்கா. நீங்கள்லாம் பொறக்கும்போதே வண்டி ஓட்டிக்கிட்டா வந்திய?"

ஹாரன் நின்றது. சுத்தமாக நின்றது.

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். "எந்த ஊருக்கும்மா?"

"டாநாங்கு." அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வியட்நாம்ல இருக்கு. நம்மளைவிட ஒண்ணரை மணி நேரம் முந்தி. அங்க இப்பம் சோத்து நேரம்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

வீட்டில் அந்த ஊரின் பெயரை எடுத்தாலே அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். மணிக்கணக்கை மகள் சொன்னதே கிடையாது. அம்மா யாரிடம் கேட்டாள்? எப்போது கேட்டாள்?

சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. பஸ் வெகுதூரம் போய்விட்டது.

"தங்கச்சி, கியரைக் கொறைங்க" என்றார் ஆட்டோக்காரர்.

அட, ஆமாம்.

குறைத்தாள். கிளட்சை மெல்ல, மெல்ல விட்டாள். வண்டி ஒரு முனகு முனகிவிட்டு ஏறத் தொடங்கியது.

அம்மா அவசர அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்தாள். உச்சிக்கு வந்ததும் அவள் காதுப் பக்கம் குனிந்தாள்.

"நிதானமா ஓட்டிப் பழகுட்டி. அங்க எவனாவது ஆரன் அடிச்சா நான் சண்டைக்கு வர முடியாதுல்லா."