அடுத்த மாதம் வருகிறது

அரியலூரில் கணினிக் கடை வைத்திருக்கும் அறிவரசன், காலையில் ஷட்டரைத் தூக்கியதும் புதுச் சிப் செய்திகளைத்தான் முதலில் படிப்பான்.

இரண்டு பெரிய நிறுவனங்களும் முட்டுக்கிடாக்களைப் போல மோதிக்கொண்டிருந்தன. ஒன்று தையில் ஒரு பிராசஸரை அறிவித்தால், மற்றது மாசியிலேயே அதற்குப் போட்டியாக, படங்களை இன்னும் வேகமாக ஓட்டும் ஒரு கிராபிக்ஸ் கார்டை அறிவித்துவிடும்.

புதியது வரும்வரை காத்திருக்கலாமா என்று யார் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்.

“வர்றது வந்துக்கிட்டேதாங்க இருக்கும். வேலை இருந்தா இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க.”

உடையார்பாளையத்திலிருந்து வரும் வினோதினிக்கு மட்டும் அவன் வேறு பதில் வைத்திருந்தான்.

“கொஞ்சம் பொறுங்க. அடுத்த மாசம் புதுசு வருது.”

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூரை மூடியிருந்த கடலை அவள் அசையும் படமாகச் செய்துகொண்டிருந்தாள். முந்திரிக்காட்டில் தான் கண்டெடுத்த, கல்லாக உறைந்துபோன கல்நத்தை அந்தக் கடலில் உயிரோடு நீந்த வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய பழைய கணினியோ நத்தையின் ஓட்டைக் காட்டுவதற்குள் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

ஆகவே அவள் மாதந்தோறும் வந்தாள். அவன் சொன்னதை நம்பித் திரும்பிப் போனாள். அவள் ஏறிய பேருந்து திருப்பத்தில் மறையும்வரை அவன் வாசலில் நிற்பான்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, கணினிப் பெட்டியை மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்து மேசைமேல் இறக்கினாள்.

“இனிமே பொறுக்க முடியாதுங்க. சென்னை ஸ்டுடியோவுல வெள்ளிக்கிழமைக்குள்ள படம் கேக்குறாங்க. பங்குனியில ஒரு வேலை இப்படித்தான் கையை விட்டுப் போச்சு.”

பங்குனிச் செய்தி அவனுக்குப் புதிது.

அவன் உள்ளே போய் ஒரு கிராபிக்ஸ் கார்டு பெட்டியை எடுத்துவந்து, தூசியைத் துடைத்து அவள்முன் வைத்தான். பெட்டியின் ஓரத்தில் ‘வினோதினி’ என்று அவன் கையெழுத்தில் இருந்தது. அதன்கீழே போன ஆடி மாதத்துத் தேதி. அவள் முதன்முதலாகக் கடைக்கு வந்த வாரம் அது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“அப்ப, பங்குனி வேலை எனக்குக் கெடைச்சிருக்கும்.”

“கெடைச்சிருக்கும்ங்க. உங்க கடலுக்கு அன்னைக்கே இது போதும். பொறுக்கச் சொன்னது என் தப்பு.”

அவள் கணினிப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

திருகாணிகளைக் கழற்றி, அவள் கணினியில் அந்தக் கார்டைப் பொருத்தினான். ஆனால் இப்போது நாலே நாளில் வேலை முடிய அந்த ஒன்று மட்டும் போதுமா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு, நாள்தோறும் செய்தி படிக்கும் தன் கணினியைத் திறந்து, அதிலிருந்த அதே வகைக் கார்டையும் உருவி அவளுடையதில் சேர்த்தான்.

அவளுடைய கணினியைக் கடையிலிருந்த ஒரு திரையில் இணைத்ததும் அதில் அலை புரண்டது. கல்நத்தை மெல்லத் திரும்பி, ஆழத்தை நோக்கி நீந்தத் தொடங்கியது.

அவனுடைய திரை இருண்டு கிடந்தது. அடுத்த மாதம் என்ன வருகிறது என்று அவனுக்கு இனித் தெரியாது.