இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு

"நான் மட்டும் சொன்னா ஆகாதுக்கா. உங்களுக்கு என்ன செய்யுது, என்ன ஆகணும்னு நீங்க சொல்லணும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் இலக்கு வைக்கணும்."

மண்ணரைப் பகுதியில் உள்ள அந்த பனியன் கம்பெனியின் முதலுதவி அறையில் சிஸ்டர் வேல்விழி இப்படிச் சொன்னதும், எதிரே உட்கார்ந்திருந்த சாரதாமணி நிமிர்ந்து பார்த்தாள். பதினாறு வருடமாக செக்கிங் பிரிவில் துணியில் ஓட்டையும் கறையும் தேடுகிறவள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

"இலக்குன்னா டார்கெட்டுங்களா சிஸ்டர்? எங்களுக்கு மணிக்கு இத்தனை பீஸுன்னு அவிங்களே சொல்லிப்போடுவாங்க."

"இது உங்க உடம்புக்கான டார்கெட்டுக்கா."

நர்சும் தொழிலாளியும் கலந்து பேசி உடல்நல இலக்கு வைக்க வேண்டும் என்பது துணி வாங்கும் வெளிநாட்டு பையர் போட்ட புது விதி. அது நடக்கிறதா என்று பார்க்க ஆடிட் மேடம் ஒருத்தி மூலையில் உட்கார்ந்திருந்தாள். தமிழ் தெரியாது. இருவரும் பேசுகிறார்களா, படிவத்தில் இரண்டு கையெழுத்தும் விழுகிறதா, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும்.

சாரதாமணி அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மாருல ஒரு கட்டிங்க சிஸ்டர். மூணு மாசமா இருக்குது. ஊட்டுல கூடச் சொல்லலீங்க."

வேல்விழியின் பேனா நின்றது. "வலிக்குதாக்கா?"

"இல்லீங்க. துளி வலி இல்லீங்க. கல்லாட்டம் இருக்குது."

"வலி இல்லைன்னா பயப்பட ஒண்ணுமில்லைக்கா."

"அப்படிங்களா? வலி இல்லாத கட்டியைத்தான் ஒடனே டாக்டர்கிட்டக் காட்டோணும்னு எங்க டேபிள்ல இருக்கற தரணி சொல்லுச்சுங்க. போன்ல பாத்துச்சாமா. அதான் வெள்ளிக்கிழமை லீவு சொல்லி, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னு இருக்கறேனுங்க."

வேல்விழி படிவத்தைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையை ஆட்டிச் சிரித்தாள், மேலே பேசு என்பது போல.

"போன்ல ஆயிரம் சொல்லுவாங்கக்கா. அது சூட்டுக் கட்டியா இருக்கும். நாள் பூரா லைட்டுக்கு அடியில நிக்கிறீங்கல்ல? மோர் குடிங்க. எண்ணெய் தேச்சுக் குளிங்க. ஆறு மாசம் பாப்போம். இப்ப உங்க இலக்கு என்னன்னு சொல்லுங்க, எழுதணும்."

சாரதாமணி யோசிக்கவே இல்லை.

"பொண்ணு பன்னண்டாவது படிக்குதுங்க. அது ஒரு வேலைக்குப் போற வரைக்கும் நான் இருந்தாப் போதுமுங்க."

வேல்விழி அதை அப்படியே எழுதினாள். தானும் கையெழுத்துப் போட்டு, சாரதாமணியின் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட்ட சாரதாமணி அதைக் கவனிக்கவில்லை. மூன்று மாதமாகத் தூங்க விடாமல் அடித்த பயம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டதே என்ற சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க நல்லா இருப்பீங்க சிஸ்டர். படிச்சவீங்க வாயால கேட்டதும்தானுங்க உசுரே வந்துச்சு. சூப்பர்வைசர்கிட்ட வெள்ளிக்கிழமை லீவு வேண்டாம்னு சொல்லிப்போடறேனுங்க."

"அக்கா..." என்று வேல்விழி வாயெடுத்தாள். அதற்குள் மேடம் எழுந்து வந்து, படிவத்தில் இருந்த இரண்டு கையெழுத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு, இருவருக்கும் கை கொடுத்தாள். சாரதாமணி கும்பிட்டுவிட்டு, வந்தபோது இருந்ததைவிட வேகமாகத் தன் டேபிளுக்குப் போனாள்.

மேடத்தின் கார் கிளம்பியதும் மேனேஜர் தீனதயாளன் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார்.

"அசத்திட்ட போ. ஆடிட் பாஸ்!"

"சார், அந்த அக்காவை எப்படியாவது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிருங்க சார். தலைவலி, கால்வலி, சோகை, இந்த மூணுக்குத்தான சொல்லிக் குடுத்தீங்க? அவங்க கட்டின்னு சொல்லவும் எனக்கு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். பயமா இருக்கு சார்."

"அதையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் தீனதயாளன். "நீ அந்த நர்ஸ் டிரஸ்ஸை மாத்திட்டு வண்டியில ஏறு. நெருப்பெரிச்சல் ஊர்ல இருக்கற நம்ம யூனிட்டுல உன்ற ஓவர்லாக் மெஷின் காத்தால இருந்து தைக்க ஆளில்லாமக் கெடக்குது."