குட் மார்னிங்குக்குப் பதில்

2061 மார்ச் 9. கரீபியன் கடலில் உள்ள செயின்ட் ஆல்ட்ரிக் தீவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கடைசி நாள். எண்ணிக்கை இரண்டாயிரத்துக்குக் கீழே போனால் தீவின் சட்டமன்றம் கலைக்கப்படும். ஆட்சி லண்டனுக்குப் போய்விடும். கணக்கெடுப்பாளர் வெர்லினின் அரசு வேலையும் அதோடு போகும். ஒரே ஒரு வீடு பாக்கி. அதுவரை எண்ணியதில் 1,997 பேர்.

அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று வெர்லின், "குட் மார்னிங்" என்று குரல் கொடுத்தாள்.

"நாலு பேர் இருக்கோம். எல்லாரும் சௌக்கியம்" என்று உள்ளிருந்து வீட்டுக்காரன் டெஸ்மண்டின் குரல் கேட்டது.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தத் தீவில் சண்டைக்காரன்கூட பதிலுக்கு குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பான். கேட்டின் பூட்டில் துரு ஏறியிருந்தது.

பக்கத்து வீட்டு இஸ்மே துணி உலர்த்திக்கொண்டே சிரித்தாள். "குட் மார்னிங், வெர்லின். அந்தக் குடும்பம் கப்பலேறி ஒரு வருஷமாச்சு. போன மாசம் கவர்ன்மென்ட் ஆளுங்க வந்து அவன் குரல மெஷின்ல மாட்டிட்டுப் போனாங்க. இங்க இருந்தப்போகூட அவன் இவ்வளவு பேசினதில்ல."

வெர்லின் கணக்கெடுப்பு அதிகாரி டால்டனுக்கு போன் செய்தாள். குட் மார்னிங் சொல்ல மறந்த ஊழியர்களிடம், "உங்கம்மா உன்ன வளர்க்கலையா?" என்று கேட்கிற மனிதர் அவர்.

"குட் மார்னிங், சார்."

"நாலு பேர்னு எழுதுங்க" என்றது டால்டனின் குரல்.

எந்த வீடு என்று அவள் இன்னும் சொல்லவே இல்லை. போனை வைத்துவிட்டு, படிவத்தில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் தீவின் மக்கள்தொகை 2,001 என்று அறிவிக்கப்பட்டது. சட்டமன்றம் நீடித்தது.